கிழக்குக்கு முதுகு காட்டியவள்

உலகம் முடியும்போது எதற்குப் பிறகு எது நடக்கும் என்று காட்டும் பெரிய வண்ணப்படம் ஒன்று டிரைவர் வீட்டு ஹாலில் தொங்கியது. எக்காளத்தில் தொடங்கி, கல்லறைகள் திறந்து, பரிசுத்தவான்கள் மேகத்துக்குப் போய், கீழே ஏழு வருட உபத்திரவம் நடந்து, ஆயிரம் வருட அரசாட்சி, வெள்ளைச் சிங்காசனத் தீர்ப்பு என்று இடமிருந்து வலமாக நீண்டுகொண்டே போகும். ஒரு பக்கத்து ஆணி தளர்ந்துவிட்டதால் படம் வலப்பக்கம் சாய்ந்து, வானத்திலிருந்து இறங்கி வரும் புதிய எருசலேம் ஃப்ரிட்ஜின் தலைமேல் வந்து உட்கார்ந்திருந்தது.

மாட்டியவர் மூத்த மாப்பிள்ளை, பெரிய மகளின் கணவர். ஆயுள் காப்பீட்டு ஏஜெண்ட். நாளைக்கே கர்த்தருடைய வருகை இருக்கலாம் என்று ஞாயிற்றுக்கிழமை சபையில் பேசிவிட்டு, திங்கட்கிழமை காலையில் இருபது வருஷ பாலிசி விற்கக் கிளம்புகிறவர். இரண்டுக்கும் நடுவே அவருக்கு ஒரு சங்கடமும் இருந்ததில்லை. தன் வீட்டுக் கூரை ஒழுகுகிறது, ஒரு வாரம் இருந்துவிட்டுப் போகிறோம் என்று மனைவியோடு வந்தவர், மழை நின்று வெயில் வந்த பிறகும் இருந்தார்.

அவர் வந்ததிலிருந்து வீட்டில் ஒரே சண்டை, கண்டக்டரம்மாவின் கல்லறைக் கல்லில் என்ன எழுதுவது என்பதுதான். கண்டக்டரம்மா டிரைவரின் மனைவி. போன வருஷ மழைக்காலத்தில் போய்ச் சேர்ந்தவள். பெரிய மகளுக்கு வேதவசனம் வேண்டும். சின்ன மகன் "ரைட், போலாம்" என்று எழுதினால் போதும் என்றான். கடைசியில் "உயிர்த்தெழுதலுக்காகக் காத்திருக்கிறார்" என்று மேலே ஒரு வரி, கீழே பெயர், அதற்குக் கீழே "பஸ் கண்டக்டர்" என்று போன வாரம் ஒரு வழியாகத் தீர்ந்தது.

கல் தயாராகிவிட்டது. இன்று மாலை நான்கு மணிக்குப் பதிக்க வேண்டும். கண்டக்டரம்மாவின் அக்கா வேறு முந்தின நாள் போன் செய்து, "நானும் வர்றேன். உங்ககிட்ட ஒரு விஷயம் பேசணும்," என்று சொல்லியிருந்தாள். டிக்கெட் செக்கிங் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவள் அவள். அவள் "ஒரு விஷயம்" என்றால் டிரைவருக்கு இன்றைக்கும் கை தானாகச் சட்டைப் பையைத் தடவும்.

காலை டீயோடு டிரைவர் செய்தித்தாளைப் பிரித்த நேரத்தில் மாப்பிள்ளை கூப்பிட்டார்.

"மாமா, ஒரு நிமிஷம் இங்க வாங்களேன்."

அந்தக் குரல் டிரைவருக்குத் தெரியும். பாலிசி காலாவதியாகிவிட்டது என்று சொல்லும் குரல்.

மாலையில் சபையாருக்குக் காட்டுவதற்காக மாப்பிள்ளை அடக்க ஆராதனையின் வீடியோவை டிவியில் போட்டு, நல்ல காட்சிகளைத் தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்தார். திரையில் மழை. குடைகள். நாலு பேர் தோளில் பெட்டி. எல்லாம் சத்தமில்லாமல் நடந்தது.

"பெட்டியைப் பாருங்க மாமா. தோள் பக்கம் அகலம், கால் பக்கம் ஒடுக்கம். சரியா?"

"சரி."

"கல்லறைத் தோட்டத்து கேட்டு எந்தப் பக்கம் இருக்கு?"

"மேற்கே. இதென்ன மாப்ள, டிரைவர்கிட்டயே ரூட்டு கேக்குறீங்க?"

"இப்ப இறக்குறாங்க. ஒடுக்கமான பக்கம் எதைப் பாத்து இருக்கு?"

டிரைவர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். ஒடுக்கமான பக்கம் கேட்டைப் பார்த்து இருந்தது.

"அதனால என்ன?" என்றார். கேட்டு முடிப்பதற்குள் அவருக்கே விளங்கிவிட்டது.

அந்தத் தோட்டத்தில் எல்லோரும் மேற்கே தலை வைத்து, கிழக்கே கால் நீட்டித்தான் படுத்திருக்கிறார்கள். கர்த்தர் கிழக்கிலிருந்து மின்னலைப் போல வருவார், எக்காளம் ஊதும், கிறிஸ்துவுக்குள் மரித்தவர்கள் முதலில் எழுந்திருப்பார்கள். எழுந்து உட்கார்ந்தால் நேர் எதிரே அவர் முகம் தெரிய வேண்டும். அதற்காக அப்படி ஒரு வழக்கம். நூறு பேர் எழுந்து கிழக்கே பார்க்கும்போது, கண்டக்டரம்மா ஒருத்தி மட்டும் கர்த்தருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு எழுந்திருப்பாள்.

"யாருய்யா அப்படி இறக்கச் சொன்னது?" என்றார் டிரைவர்.

மாப்பிள்ளை ரிமோட்டை எடுத்தார். சத்தத்தைக் கூட்டினார்.

மழை இரைச்சலுக்கு நடுவே, அழுகைகளுக்கு மேலே, ஒரு குரல் கணீரென்று கேட்டது. "வா… வா… வா… கொஞ்சம் ஒடி… இல்ல இல்ல, அப்படியே திருப்பு. பின்பக்கமா உள்ள விடு. மூஞ்சி கேட்டைப் பாத்து நிக்கட்டும். வா… வா… ஹோல்டான்!"

டிரைவரின் குரல்.

டெப்போவில் ராத்திரி வண்டி நிறுத்தும்போது முகப்பு கேட்டைப் பார்த்துத்தான் நிற்க வேண்டும். காலையில் கிளம்பும்போது திருப்பிக்கொண்டு நிற்கக் கூடாது. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் டிரைவர் அதைத்தான் சொல்வார். அன்றைக்குத் தூக்கமும் இல்லை, விழிப்பும் இல்லை. சேற்றில் கால் வழுக்கிய நாலு பேர் எங்கே இறக்குவது என்று தடுமாறியதும் வாய் தன் பாட்டுக்கு வேலையைப் பார்த்திருக்கிறது. பாஸ்டரின் கண்ணாடியில் மழைத்துளி. குழி தோண்டியவர் தார்ப்பாய் பிடிக்கப் போயிருந்தார். திரும்பி வந்தவர் வழக்கம்போல மேற்கே மரச்சிலுவையை நட்டுவிட்டார். யாருக்கும் தெரியவில்லை.

பெரிய மகள் நர்ஸ். டூட்டி முடிந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்று முழு வீடியோவையும் பார்த்தாள்.

"அப்பா! அம்மாவை பஸ்ஸு மாதிரி ரிவர்ஸ் எடுத்திருக்கீங்களே!"

சமையலறையிலிருந்து சின்னவன் வாய் நிறைய ரொட்டியோடு வந்தான். ஏ.சி. மெக்கானிக். எதையும் சிரித்துத்தான் தொடங்குவான். "நல்ல பார்க்கிங்தான்க்கா. ஒரு கீறல் இல்லாம விட்டிருக்காரு பாரு." அப்பாவின் முகத்தைப் பார்த்ததும் ரொட்டியை விழுங்கினான்.

"சிரிக்கிற விஷயமாடா இது?" என்றாள் அக்கா. "எக்காளம் ஊதுறப்ப அம்மா சுவரைப் பாத்துக்கிட்டு நிப்பாங்களா?"

"சுவரை இல்ல, கேட்டை."

"வாயை மூடு."

டிரைவர் மாப்பிள்ளையைக் கேட்டார். "எழுந்த பிறகு திரும்பிக்கலாம் இல்ல? திரும்புறதுக்கு எவ்வளவு நேரம் இருக்கு?"

மாப்பிள்ளை படத்தின் அருகே போய் எக்காளத்தின் மேல் விரலை வைத்தார். "நேரமே இல்ல மாமா. எல்லாம் கண்ணை மூடித் திறக்கிற நேரம்தான். அதுக்குள்ள மறுரூபம் ஆகி மேல போயிடணும்."

"இடுப்பு வலிக்காரிய்யா அவ. சட்டுனு திரும்ப முடியாது."

"அப்ப வலி இருக்காது மாமா. மகிமையான சரீரம்."

"வலி இல்லேன்னு தெரியவே அவளுக்குக் கொஞ்ச நேரம் ஆகுமே."

மாப்பிள்ளை படத்தை ஒருமுறை இடமிருந்து வலமாகப் பார்த்தார். அவர் விரலை எடுத்துவிட்டு, புதிய எருசலேமை ஃப்ரிட்ஜின் மேலிருந்து தூக்கி நேராக்கப் பார்த்தார். விட்டதும் அது மறுபடி இறங்கி உட்கார்ந்தது.

"கல்லு இன்னிக்குப் போட வேணாம்," என்றாள் பெரியவள். "முதல்ல தோண்டுவோம். அம்மாவைச் சரியா படுக்க வச்சிட்டு அப்புறம் கல்லு."

"ஒரு வருஷம் ஆச்சுக்கா!"

"ஆனா என்னடா? கடைசி நாட்கள்ல ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை அம்மாவைத் திருப்பிப் படுக்க வச்சவ நான். புண்ணு வந்துடக் கூடாதுன்னு தூங்காம திருப்பினேன். இந்த ஒரு தடவையும் திருப்பிட்டா எனக்கு நிம்மதி." சொல்லிவிட்டு அழுதாள். செருப்போடு ஹாலுக்குள் வந்துவிட்டதை அப்போதுதான் பார்த்து, அழுதபடியே திரும்பப் போய்க் கழற்றி வைத்தாள்.

டிரைவர் டிவியை அணைத்தார். ஓட்டிய காலத்தில் ஒரு விபத்து இல்லை, ஒரு ஆள் மேல் உரசல் இல்லை என்று டெப்போவில் மாலை போட்டு அனுப்பினார்கள். கடைசி சவாரியில் இப்படி.

"சின்னவனே, வண்டியை எடு. பாஸ்டரைப் பாக்கணும்."

பாஸ்டர் ஆலயத்துக்குள் ஏணிமேல் நின்று மின்விசிறியின் இறக்கைகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். இளைஞர். ஏணியைப் பிடிக்க ஆள் வராததால் அரைமணி நேரமாக ஒரே படியில் நிற்கிறார் என்பது பார்த்தவுடன் தெரிந்தது. சின்னவன் ஏணியைப் பிடித்ததும் அவருக்குப் போன உயிர் வந்தது. கீழே நின்று டிரைவர் நடந்ததைச் சொன்னார். மேலேயிருந்து தூசு விழுந்தபடி இருந்தது.

"அதெல்லாம் ஒரு வழக்கம்தாங்க ஐயா," என்றார் பாஸ்டர். "வேதத்துல இப்படிப் படுக்க வைன்னு எங்கேயும் இல்ல. கடலும் தன்னிடம் இருக்கிற மரிச்சவங்களைத் திருப்பிக் கொடுக்கும்னுதான் இருக்கு. கடல்ல போனவங்க எந்தப் பக்கம் பாத்துப் படுத்திருப்பாங்க, சொல்லுங்க?"

டிரைவர் தோளில் விழுந்த தூசைத் தட்டினார்.

"கடல்ல போனவங்களை நான் இறக்கலையே பாஸ்டர். இவளை நான்தானே இறக்கினேன்."

பாஸ்டர் துடைப்பதை நிறுத்திவிட்டார். சின்னவன் அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தான். பாஸ்டர் மெல்ல இறங்கி வந்து, தூசுக் கையோடு டிரைவரின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தோண்டணும்னா அனுமதி வாங்கணும். நான் கூட வந்து நிக்கிறேன். வாங்கிடலாம். ஆனா கல்லைப் போட்டுட்டா அப்புறம் முடியாது. போடுறதா நிறுத்துறதான்னு இன்னிக்கு நீங்கதான் சொல்லணும். நான் சொல்லி நீங்க கேட்டுட்டு, அப்புறம் ராத்திரி எல்லாம் முழிச்சுக்கிட்டு இருந்தா அது நல்லதில்ல."

"நீங்களா இருந்தா என்ன செய்வீங்க?"

"எனக்கு இன்னும் கல்யாணமே ஆகலைங்களே," என்றார் பாஸ்டர்.

வழியில் சின்னவன் வண்டியை ஓட்டியபடியே சொன்னான். "நம்ம சபையில பாதிப் பேரு உபத்திரவத்துக்கு முன்னாடியே நம்மளை எடுத்துக்குவாருங்கிறாங்க, பாதிப் பேரு பின்னாடிங்கிறாங்க. முன்னாடியா பின்னாடியான்னு இவங்களுக்கே தீரல. இதுல அம்மா முன்பக்கமா பின்பக்கமான்னு நாம சண்டை போடணுமாப்பா?"

"முன்னாடி பாத்து ஓட்டு," என்றார் டிரைவர்.

நான்கு மணிக்குக் கல்லறைத் தோட்டத்தில் எல்லாம் தயாராக இருந்தது. கல் பதிப்பவர் சிமெண்ட் கலவையைக் குழைத்து முடித்திருந்தார். கறுப்புக் கல் இரண்டு இரும்புக் குழாய்களின் மேல், தள்ளினால் நகரும்படி கிடந்தது. தோட்டக் காவலாளி ஒரு மண்வெட்டியைச் சாய்த்து வைத்துவிட்டு, தேவைப்பட்டாலும் சரி, படாவிட்டாலும் சரி என்ற முகத்தோடு குழாயடியில் நின்றார். பெரியவள்தான் மண்வெட்டி கேட்டிருந்தாள்.

"என்னங்க, போடுறதா வேண்டாமா?" என்றார் கல் பதிப்பவர். "எனக்கு ரெண்டும் ஒண்ணுதான். கலவைக்கு அப்படி இல்ல. அது இறுகிக்கிட்டே இருக்கு."

"போடாதீங்க," என்றாள் பெரியவள்.

"போடுங்க," என்றான் சின்னவன்.

"நீ யாருடா போடச் சொல்ல?"

"நீ யாருக்கா தோண்டச் சொல்ல? அம்மா முகத்தை நான் கடைசியா பாத்தது எப்படியோ அப்படியே இருக்கட்டும். எனக்கு வேற மாதிரி பாக்க வேணாம்." அவன் இப்போது சிரிக்கவில்லை.

அக்கா ஆஸ்பத்திரியில் செத்தவர்களைப் பார்த்துப் பழகியவள். தம்பி மெஷின்களின் உள்ளே மட்டும் பார்த்தவன் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது போலிருந்தது. இருவரும் அப்பாவைப் பார்த்தார்கள்.

பாஸ்டர் பார்த்தார். காவலாளி பார்த்தார். கல் பதிப்பவர் கலவையைப் பார்த்தார்.

எல்லோரும் கேட்டுக்கு முதுகு காட்டி, கல்லருகே கிழக்கே பார்த்து வரிசையாக நிற்க, நடுவில் நின்ற டிரைவருக்கு அவர்களுடைய ஓரப் பார்வையைத் தாங்க முடியவில்லை. அவர் மட்டும் திரும்பிக் கேட்டுப் பக்கம் பார்த்து நின்றார். என்ன சொல்வது? தோண்டு என்றால் மகன் முகம். போடு என்றால் மகள் முகம். எது சொன்னாலும் அவளுடைய முதுகு.

அவளுடைய முதுகு அவருக்கு நன்றாகத் தெரியும். இருபது வருஷத்துக்கு மேல் ஒரே வண்டியில் ஓடியவர்கள். டிரைவர் சீட்டின் மேலிருக்கும் கண்ணாடியில் அவருக்குத் தெரிந்ததெல்லாம் ஒரு கொண்டை, தோளில் குறுக்காகப் போகும் தோல்பையின் வார், அவ்வளவுதான். வண்டி முன்னால் போக, அவள் பின்னால் பார்த்தே நிற்பாள். யார் ஏறினார்கள், யார் இறங்கினார்கள், யார் தூங்கிவிட்டு ஸ்டாப்பைத் தவறவிடப் போகிறார்கள் என்பதெல்லாம் அவள் பாடு. சாலை அவர் பாடு. அவள் கோபமாக இருக்கிறாளா என்று கொண்டையை வைத்தே கண்டுபிடிப்பார்.

அவர்களுக்குள் வண்டியில் ஒரே சண்டைதான். நேரம் ஆகிவிட்டது என்று அவர் ஹாரன் அடிப்பார். அவள் விசில் கொடுக்க மாட்டாள்.

"என்ன கண்டக்டரே, எடுக்கலாமா?"

"நில்லுங்க. ஆள் வருது."

எங்கோ தெரு முனையில் யாராவது பையும் கையுமாக ஓடி வருவார்கள். முன்னால் பார்க்கிறவருக்கு அது தெரியாது. பின்னால் பார்க்கிறவளுக்குத்தான் தெரியும். ஓடி வந்தவர் ஏறி, கம்பியைப் பிடித்து, மூச்சு வாங்கி நின்ற பிறகுதான் இரட்டை விசில் வரும். அதற்கு முன் கடவுளே வந்து சொன்னாலும் வராது என்று டிரைவர் டெப்போவில் புலம்புவார்.

"கலவை இறுகுதுங்க," என்றார் கல் பதிப்பவர். "இப்பத் தள்ளலேன்னா இன்னிக்கு இல்ல. தள்ளட்டுமா?"

அவர் கல்லின் விளிம்பில் கையை வைத்தார். பெரியவள் மறு விளிம்பில் கையை வைத்துத் தடுத்தாள்.

அப்போது டிரைவரின் கண்ணுக்கு மட்டும் அது தெரிந்தது. கேட்டுக்கு வெளியே, வளைவில், ஒரு மனிதர் ஓடி வந்துகொண்டிருந்தார். கழுத்தில் டை தோள்மேல் பறந்தது. ஒரு கையில் ஹெல்மெட், மறு கையில் சுருட்டிய பெரிய படம்.

"நில்லுங்க," என்று டிரைவர் கேட்டுப் பக்கம் கையைக் காட்டினார். "ஆள் வருது."

சொன்ன பிறகு அப்படியே நின்றுவிட்டார். சின்னவன் சட்டென்று அப்பாவைத் திரும்பிப் பார்த்தான். அந்தக் குரல், அந்த இழுப்பு எல்லாம் அம்மாவுடையது.

மூத்த மாப்பிள்ளை வந்து சேர்ந்து, பக்கத்துக் கல்லறையின் சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார். "வண்டி… பாதி வழியில… நின்னுடுச்சு மாமா. போட்டாச்சா? நிறுத்துங்க. ஒண்ணு கண்டுபிடிச்சிருக்கேன்." படத்தை விரிக்கப் பார்த்தார். காற்று அதைப் பிடுங்கியது. பாஸ்டர் ஒரு முனையையும் காவலாளி ஒரு முனையையும் பிடித்தார்கள். "இங்க பாருங்க. புதிய எருசலேமுக்குப் பன்னிரண்டு வாசல். கிழக்கே மூணு, வடக்கே மூணு, தெற்கே மூணு, மேற்கேயும் மூணு! ஃப்ரிட்ஜுக்குப் பின்னாடி மறைஞ்சிருந்ததால நான் கவனிக்கல. அத்தை மேற்கு வாசல் வழியா…"

"அது கடைசியில வர்றதுங்க," என்றார் பாஸ்டர் மெதுவாக. "நாம இப்ப ஆரம்பத்துல நிக்கிறோம்."

மாப்பிள்ளையின் முகம் சுருங்கியது. ஓடி வந்த களைப்பெல்லாம் அப்போதுதான் தெரிந்தது.

"அது போகட்டும் மாப்ள," என்றார் டிரைவர். "நீங்க ஓடி வந்தீங்க பாருங்க, அதை யாரு பாத்தா?"

"நீங்கதான் கை காட்டினீங்க."

"இவங்க யாரும் பாக்கல. எல்லாரும் கிழக்கே பாத்துக்கிட்டு இருந்தாங்க." டிரைவர் கல்லின் பக்கம் திரும்பினார். "எக்காளம் ஊதும். எல்லாரும் எழுந்து அவரைப் பாப்பாங்க. பாக்கட்டும், பாக்கத்தானே வேணும். ஆனா கடைசி நேரத்துல, எங்கேயோ இருந்து, ஒருத்தன் பையும் கையுமா ஓடி வருவான் இல்ல? அவனை யாரு பாப்பா?"

டிரைவர் கல்லில் இருந்த பெயரைக் காட்டினார்.

"அவ பாப்பா. 'நில்லுங்க, ஆள் வருது'ன்னு சொல்லுவா. கர்த்தர்கிட்டயே சொல்லுவா. எனக்குப் பயப்படாதவ அவருக்கா பயப்படப் போறா?"

பாஸ்டர் கிழக்கே ஒரு முறை பார்த்தார். பிறகு, "அவரும் நிறுத்துவாருன்னுதாங்க நினைக்கிறேன்," என்றார்.

பெரியவளின் கை இன்னும் கல்லின் மேலேயே இருந்தது. "அப்ப அம்மா அவரைப் பாக்கவே மாட்டாங்களாப்பா?"

அந்தக் கேள்விக்கு டிரைவருக்கு உடனே பதில் வந்தது. இவ்வளவு நேரம் இது எங்கே இருந்தது என்று அவருக்கே ஆச்சரியம்.

"நான் எதுக்கு இருக்கேன்? அவ பக்கத்துல என்னை எல்லாரையும் மாதிரியே படுக்க வைங்க. மேற்கே தலை. கிழக்கே கால். நான் எழுந்தா முன்னாடி பாப்பேன், அவ பின்னாடி பாப்பா. அவரு வந்தா நான் சொல்லிடுவேன், 'கண்டக்டரே, திரும்பு, வந்துட்டாரு'ன்னு." அவர் மகள் பக்கம் திரும்பினார். "அதுமட்டும் இல்லம்மா. நான் இந்தப் பக்கம் பாத்து உக்காந்தா, அவ அந்தப் பக்கம் பாத்து உக்காந்தா, முகத்துக்கு முகம் வருது. இத்தனை வருஷமா கண்ணாடியில அவ கொண்டையைத்தான் பாத்தேன்."

பெரியவள் கல்லிலிருந்து கையை எடுத்தாள். எடுத்த கையால் தம்பியின் தோளைப் பிடித்துக்கொண்டாள். அவன் முழங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ரிவர்ஸ் போட்டதே நல்லதுக்குத்தான்னு சொல்லிடுவாரு போல," என்றான்.

"தள்ளட்டுமா?" என்றார் கல் பதிப்பவர்.

"தள்ளுங்க."

"எழுத்து எந்தப் பக்கம் பாத்து?"

"கேட்டைப் பாத்து. உள்ள வர்றவங்களுக்குத் தெரியட்டும்."

இரும்புக் குழாய்களின் மேல் கல் முனகிக்கொண்டே நகர்ந்தது. டிரைவர் கேட்டுப் பக்கம் போய் நின்றார். கை தானாக உயர்ந்தது. "வா… வா… வா… கொஞ்சம் ஒடி… போதும். நேரா… வா… ஹோல்டான்!" கல் பதிப்பவர் ரசமட்டத்தை வைத்துப் பார்த்தார். குமிழி நட்ட நடுவில் நின்றது. அவர் இதுவரை யாரையும் பாராட்டியதில்லை, இப்போதும் பாராட்டவில்லை. ஆனால் ரசமட்டத்தை இரண்டாவது தடவை வைத்துப் பார்க்கவில்லை.

பாஸ்டர் சின்னதாக ஜெபம் செய்தார். மாப்பிள்ளை எல்லோரையும்விடச் சத்தமாக ஆமென் சொன்னார். காவலாளி மண்வெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

டிரைவருக்குக் காலையிலிருந்து அடைத்துக்கொண்டிருந்தது எல்லாம் இறங்கி, பசி எடுத்தது. மனைவிக்குப் பக்கத்தில் புல் முளைத்த காலியிடத்தை வாஞ்சையோடு பார்த்தார். நல்ல இடம். காலை வெயில் நேராக முகத்தில் விழும். காலால் அளந்து பார்க்கலாம் என்று ஓரடி வைத்தவர், புல்லுக்குள் எதிலோ இடறினார்.

ஒரு செங்கல். வெள்ளைச் சுண்ணாம்பு அடித்தது. விலக்கிப் பார்த்தால் நாலு மூலைக்கும் ஒன்று இருந்தது.

"ஏம்ப்பா," என்று காவலாளியைக் கூப்பிட்டார். "என்னது இது?"

காவலாளி திரும்பி வந்து பார்த்தார். "அதுங்களா? அந்த இடம் போன வாரமே ஒருத்தங்க எழுதி வாங்கிட்டாங்களே. உங்களுக்குத் தெரியும்னு நினைச்சேன்."

"யாரு?"

காவலாளி பதில் சொல்லத் தேவையில்லாமல் போயிற்று. கேட்டுக்கு முன்னால் ஓர் ஆட்டோ வந்து நின்றது. முதலில் ஒரு குடை இறங்கியது, பிறகு ஒரு சூட்கேஸ், பிறகு மனைவியின் அக்கா. கேட்டைத் தாண்டும்போதே வலமும் இடமும் ஒவ்வொரு கல்லறையாகப் பார்த்து, பெயர் சரியா, வரிசை சரியா என்று தலையை ஆட்டிக்கொண்டு வந்தாள்.

"பெரியம்மா!" என்றாள் பெரியவள்.

அவள் நேராக வந்து நாலு செங்கல்லுக்கும் நடுவே நின்றிருந்த டிரைவரை மேலிருந்து கீழாக ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வையை அவர் ஆயிரம் தடவை பார்த்திருக்கிறார். டிக்கெட் இல்லாமல் உட்கார்ந்திருப்பவர்களைப் பார்க்கும் பார்வை அது.

"இறங்குங்க," என்றாள். "அது என் சீட்டு."